லேசான குண்டுகளுக்கான குழல்

இன்னும் ஒரே ஒரு குச்சி விழுந்தால் போதும். வெடிமருந்து என்றால் கரித்தூள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இது அப்படியில்லை, சாம்பல் நிறத்தில் நறுக்கிப்போட்ட குட்டிக் குட்டிக் குச்சிகள், இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தராசுத் தட்டில் விட்டால் எண் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மாறும். அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். முப்பது வருஷமாக மாத்திரைகளோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத் தராசு யோசிப்பது பிடிக்காமல் எப்படி இருக்கும். சிட்னியிலிருந்து வருகிற தமிழ் விருந்தாளிகள் இந்த ஷெட்டைப் பார்த்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் மருந்துக்கடைக்காரி வெடிமருந்துக்கு மாறிவிட்டாளா என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள், நானும் இப்போதுதான் முதல்முறை கேட்கிற மாதிரி சிரித்துவைப்பேன். சரி, விழுந்துவிட்டது. புனலைப் பித்தளைக் கூட்டின் வாயில் வைத்துக் கொட்டுகிறேன், சரசரவென்று இறங்குகிறது, விரலால் ஒரு தட்டு, முடிந்தது, அடுத்த கூடு. மரப்பலகைத் துளைகளில் கூடுகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் மருந்து போட்ட பிறகு டார்ச் அடித்து மேலிருந்து பார்க்க வேண்டும், எதிலாவது மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகுதான் குண்டை உட்காரவைப்பது. கூடு, அடியில் பொறி, உள்ளே மருந்து, மேலே குண்டு, நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. ஜெயசிங் அத்தான் சொல்லிக்கொடுத்த வரிசை. அத்தான் என்றால் என் அத்தை மகன், என் வீட்டுக்காரர், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் செம்மறியும் கோதுமையும் மட்டுமே உள்ள இந்தச் சின்ன ஊரின் ஒரே பல் டாக்டர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து கிளம்பிய இரண்டு பேர் சனிக்கிழமை மத்தியானம் தகர ஷெட்டில் தோட்டா செய்துகொண்டிருப்பார்கள் என்று என் கல்யாணத்தை நடத்திவைத்த சர்ச் ஐயரிடம் யாராவது சொல்லியிருந்தால் ஆசீர்வாதத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பார்.

குண்டு என்று சொல்கிறேனே, எடுத்துப் பார்த்தால் அது ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், செப்புச் சட்டை, மூக்கில் சிவப்புப் பிளாஸ்டிக் பொட்டு. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இந்த லேசான சாமான் முன்னூறு மீட்டர் தாண்டிப் போய் நான் நினைத்த இடத்தில் விழ வேண்டுமென்றால் அது சுற்ற வேண்டும், அதுதான் முழு ரகசியமும். குழலுக்குள்ளே வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள், நேராக இல்லை, முறுக்கி, எங்கள் குழலில் பதினான்கு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. குண்டு அந்த வரியைக் கவ்விக்கொண்டு வெளியே வரும்போது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று. எனக்கு இதை அத்தான் முதலில் சொன்னபோது நம்பவில்லை, காகிதத்தை எடுத்து வேகத்தைப் போட்டு வகுத்துப் பார்த்தேன், சரிதான். அன்றிலிருந்து இந்தச் சுற்று என் தலைக்குள் புகுந்துவிட்டது, கடையில் ஆஸ்துமாக்காரருக்கு பம்ப் உபயோகிக்கச் சொல்லிக்கொடுக்கும்போதுகூட அது சுற்றிக்கொண்டேயிருக்கும். குட்டையான லேசான குண்டுக்குக் கொஞ்சம் முறுக்குப் போதும். நீளமான கனத்த குண்டு அதே குழலில் போனால் சுற்று பற்றாது, மூக்கு ஆடும், ஆடி ஆடிக் குறி அட்டையில் போய்ப் படுக்கைவசத்தில் அடிக்கும், ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும். சரி, அதிகமாகச் சுற்றிவிட்டால் நல்லதுதானே என்று கேட்டேன். இல்லை, லேசான குண்டுக்குச் சட்டை மெலிசு, அளவுக்கு மேல் சுற்றினால் காற்றிலேயே உரிந்து தூளாகிவிடும். அதையும் பார்த்திருக்கிறேன், பழைய குழலில் லேசான குண்டைப் போட்டுச் சுட்டார், சத்தம் வந்தது, தோள் அதிர்ந்தது, அட்டையில் ஓட்டையே இல்லை, நடுவழியில் ஒரு சாம்பல் கோடு மட்டும் தெரிந்து மறைந்தது. எங்கே போனது, எங்கே போனது என்று அன்றைக்கு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் கிளம்பி, போய்ச் சேராமல், விழவும் செய்யாமல் இல்லாமலே போவது எப்படி. இன்னும் அது எனக்கு ஆறவில்லை.

அந்தப் பழைய குழலிலிருந்து இந்தப் புதுக் குழலுக்கு எப்படி வந்தோம் என்பதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன், எங்கேயாவது ஒரு கண்ணியை விட்டிருக்கிறேனா என்று. போன வருஷம் ஈஸ்டர் சமயத்தில்தான் அத்தானின் குண்டுகள் பரக்க, ஒன்றுக்கொன்று தள்ளிச் சிதறி விழ, ஆரம்பித்தன. அதுவரை ஐந்து குண்டு சுட்டால் ஐந்தையும் ஒரு நாணயத்தால் மூடலாம், கிளப்பில் வெள்ளைக்காரர்கள் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விசில் அடிப்பார்கள். ஈஸ்டருக்குப் பிறகு நாணயம் போய் உள்ளங்கை ஆயிற்று. இந்தத் தொழிலில் ஒரு சட்டம், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது காரணமென்று தெரியாமல் போய்விடும். அத்தான் பொறுமையாக மாற்றினார். முதலில் மருந்து. பிறகு தூரக்கண்ணாடி. பிறகு துப்பாக்கிக் கட்டையில் குழல் உட்காருகிற இடம். பிறகு குண்டு, கனமானது வேண்டாம், லேசானதுக்குப் போவோம் என்றார். லேசானது பழைய குழலில் உரிந்து காணாமல் போனதால் முறுக்குக் குறைந்த இந்தக் குழலை வரவழைத்தார், நாலு மாதம் காத்திருந்து பிப்ரவரியில் பூட்டினார். அதிலும் பரக்கிறது. இப்போது பதினான்கு தப்பு, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சரி, ஆர்டர் கொடுக்கப் போகிறேன் என்கிறார். மறுபடியும் நாலு மாதம். அவர் அதைச் சொல்லும்போது குரலில் இருக்கிற ஆசையைக் கேட்க வேண்டும், வளைகாப்புக்கு நாள் பார்க்கிற பெண் மாதிரி. நான் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுவேன். தலையாட்டிக்கொண்டே அவருடைய வலது கையைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பேன்.

கை. வந்துவிட்டேன் பார், எங்கே சுற்றினாலும் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறேன். மருந்து எடைபோடுகிற வேலை என்னிடம் வந்ததே அதனால்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஏட்டி பியூலா, ஒனக்குத்தான் இது நல்லா வருது, நீயே செய்யேன், எனக்கு நோயாளிகளுக்கே நேரம் சரியா இருக்கு என்றார், நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன், பைத்தியக்காரி. அவர் எடைபோட்ட நாட்களில் பெஞ்சுக்குக் கீழே பெருக்கினால் குச்சிகள் கிடக்கும், ஷெட்டில் காற்றடித்து விழுந்தது என்பார், கதவு சாத்தியிருக்கும். அதற்குப் பிறகு மூக்கு. சுட்ட கூட்டை எடுத்ததும் மூக்கில் வைத்து மோந்து பார்ப்பது அவர் வழக்கம், நான் அதைக் கேலி செய்யாத நாளில்லை, மல்லிகைப்பூவை மோந்தால்கூட இவ்வளவு சுகம் இருக்காதே அத்தான் என்பேன். இப்போது மோப்பதில்லை, நேராகப் பெட்டியில் போட்டுவிடுகிறார். போன மாதம் கருவாடு பொரித்தேன், வீடு முழுக்க நாற்றம், முன்பெல்லாம் ஜன்னலைத் திற, பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவான் என்று கத்துகிறவர், சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்துவிட்டு, அட, கருவாடா என்றார். அந்த அட எனக்குள் போய் நின்றுவிட்டது. மோப்பம் போவது, டிவி பார்க்கும்போது மடியில் கிடக்கிற கையில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசுவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவது. தினமும் கவுன்ட்டரில் அந்த நரம்பு நோய்க்கான மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கிறவள் நான், வாங்கிப் போகிறவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். ஆனால் சும்மா இருக்கும்போது நடுங்கினால் ஒன்று, வேலை செய்யும்போது நடுங்கினால் வேறொன்று, இவருக்கு இரண்டும் இருக்கிற மாதிரி இருக்கிறது, இரண்டும் இல்லாத மாதிரியும் இருக்கிறது, நான் டாக்டர் இல்லை, வயதாகிவிட்டாலே சிலருக்கு மோப்பம் குறையும், ஐம்பத்தெட்டு ஒரு வயதா. பார், வேறு யாருடைய கணவராக இருந்தாலும் இது எனக்கு எவ்வளவு சுவாரசியமான கேள்வியாக இருந்திருக்கும். இப்போதும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கோயிலில் அவர் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும்போது பாட்டைவிட்டுவிட்டுப் பக்கத்தின் ஓரம் ஆடுகிறதா என்று பார்க்கிறேன்.

அந்தச் சுவாரசியம்தான் என்னை வியாழக்கிழமை அங்கே கொண்டுபோனது. எனக்கு லீவு, அத்தான் கிளினிக்கில். லைசென்ஸ் எனக்கும் இருக்கிறது, அவர் வற்புறுத்தி எடுக்கவைத்தது. ரைஃபிளைப் பெட்டியில் வைத்து, அவருக்காக நான் செய்துவைத்திருந்த தோட்டாக்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். வார நாளில் அங்கே காக்காதான் இருக்கும். மேசையில் மணல் பையை வைத்து அதன் மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்துத் தோளோடு சேர்த்தேன். எல்லாம் அவர் செய்கிற மாதிரியே, அதே குழல், அதே குண்டு, அதே மருந்து, அதே காற்று, மாறியது ஒன்றே ஒன்று. மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். நான் பெரிய சுடுகாரி இல்லை, மணல் பை இருந்தால் யாரும் சுடலாம், பை பிடித்துக்கொள்ளும், நாம் கலைக்காமல் இருந்தால் போதும். சுட்டு முடித்து அட்டை வரைக்கும் நடந்துபோகிற அந்த நேரத்தில் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டும். பரந்திருக்க வேண்டும் என்று வேண்டினேன். ஆண்டவரே, குழல் சரியில்லாமல் இருக்கட்டும், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கட்டும், பன்னிரண்டு அங்குலக் குழலை நானே காசு போட்டு வாங்கித்தருகிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரே ஓட்டை. கொஞ்சம் கிழிந்த ஓரத்தோடு ஒரே ஓட்டை, ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று. வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் சுட்டதே இல்லை, அதைப் பார்த்து வெயிலில் நின்று அழுதேன். அட்டையை நாலாகக் கிழித்து அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் புளிக்குழம்பு வைத்தேன். அத்தான் வந்து இன்னைக்கு என்னட்டி செய்த என்று கேட்டார், துணி மடிச்சேன் அத்தான் என்றேன்.

டார்ச். எல்லாக் கூட்டிலும் மட்டம் ஒன்றுபோல இருக்கிறது. இப்போது குண்டு. பெஞ்சில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்று லேசானது, இந்தக் குழலுக்கென்றே வாங்கியது. இன்னொன்று அதைவிடக் கனம், பரீட்சை பண்ணிப் பார்க்கலாமென்று வாங்கி, இந்த முறுக்குக்கு இது ஆகாது என்று அத்தான் ஒதுக்கிவைத்தது. இரண்டுக்கும் மூக்கில் அதே சிவப்புப் பொட்டு. கூட்டுக்குள் உட்காரவைத்துவிட்டால் வெளியே தெரிகிற பாகம் இரண்டிலும் ஒன்றுதான், கூடுதல் நீளமெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். நான் கனமான பெட்டியைத் திறந்திருக்கிறேன். நேற்றே முடிவு செய்துவிட்டேன், புத்தகத்தைப் பார்த்துக் கனமான குண்டுக்குரிய அளவுக்கு மருந்தையும் குறைத்துத்தான் எடைபோட்டேன், பொய் சொல்வேன், ஆளைக் கொல்ல மாட்டேன். நாளைக்குக் கிளப் போட்டியில் அத்தான் இதைச் சுடுவார். மூக்கு ஆடும். பரக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ஓட்டைகள் கொஞ்சம் நீளவாட்டில் இருக்கும், அவர் அதைப் பார்த்ததும், பாத்தியா, லேசான குண்டுக்கே சுத்து பத்தலை, நான் சொன்னேம்லா, குழல்தான், என்று துள்ளுவார். குழல்தான். அவர் கை இல்லை. குண்டை அழுத்தி இறக்குகிற பிரஸ்ஸின் கைப்பிடியை இழுக்கிறேன், குண்டு மெதுவாகக் கூட்டுக்குள் இறங்குகிறது, கையில் அந்த மெல்லிய எதிர்ப்பு தெரிகிறது, நல்ல வேலை, ஒரு கோணல் இல்லை. கெட்ட தோட்டாவை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற ஒருத்தி இந்தக் கண்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். இன்னொன்று. இன்னொன்று. நாலு மாதம் கிடைக்கும், குழல் வந்து சேர நாலு மாதம், அதுவரை அவர் சந்தோஷமாக இருப்பார், சாப்பாட்டு மேசையில் முறுக்கைப் பற்றிப் பேசுவார், நான் தலையாட்டுவேன், ஒரு மனுஷனுக்கு நாலு மாதம் கொடுப்பது பாவமா.

பாவம்தான். ஏனென்றால் அந்த நாலு மாதமும் திங்கள் முதல் வெள்ளி வரை அவர் கையில் டிரில் இருக்கும். இந்த இடத்தை நேற்றிலிருந்து தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், கால் அதிலேயே போய் மிதிக்கிறது. போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள், கம்பளி ஏலக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க ஏதாவது கேட்டாள், என்ன ஆச்சு என்றேன், நாக்கில் சின்னக் கீறல், உங்கள் வீட்டுக்காரரின் கருவி கொஞ்சம் வழுக்கிவிட்டது, பாவம் அவர்தான் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பாட்டிலுக்குக் காசு வாங்கவில்லை. கஷ்டமான கேஸையெல்லாம் இப்போது அவர் நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிடுகிறார், முதுகு வலிக்கிறது என்று சொல்லி. அப்படியென்றால் அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் குழலுக்கு ஆர்டர் கொடுப்பாரா? தெரிந்தும் தெரியாமல் இருக்க முடியுமா? முடியும், நான் இருக்கிறேனே. அந்தக் கீறல் ஒரு நூல் ஆழம் கூடியிருந்தால், நாக்கு இல்லாமல் ஈறாக இருந்திருந்தால், அவளுக்குப் பதில் ஏழு வயதுக் குழந்தையாக இருந்திருந்தால். குழந்தைகளிடம் வேலை செய்யும்போது அவர் ஊர்ப் பாட்டெல்லாம் பாடுவார், அர்த்தம் தெரியாமல் அதுகள் வாயைத் திறந்துகொண்டு சிரிக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடேயே அடுத்த கூட்டைப் பிரஸ்ஸில் வைக்கிறேன், கைப்பிடியை இழுக்கிறேன், குண்டு இறங்குகிறது. கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, என் கை, ஒரு நடுக்கமும் இல்லாத என் கை. இந்தக் கையை அவருக்குக் கழற்றிக் கொடுக்க முடிந்தால் தேவலை. பலகையில் கடைசிக் கூடும் தோட்டாவாகிவிட்டது. இருபதும் சிவப்பு மூக்கோடு ஒன்றுபோல நிற்கின்றன.

சரளைக்கல்லில் செருப்புச் சத்தம். அத்தான் வருகிறார், இரண்டு கையிலும் டீ கப். கப்பில் டீ பாதிதான் இருக்கிறது, இப்போதெல்லாம் பாதிதான் ஊற்றுகிறார், சூடு ஆறிப்போகுது, அதான் என்பார். என் கப்பை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தார்.

"என்னட்டி, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அத்தான்."

ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியாது, எடைபோட்டால் ஒழியத் தெரியாது, ஆனாலும் இவர் இருபது வருஷம் இதையே பார்த்தவர். அழகா இருக்கு என்று சொல்லித் திரும்ப வைத்தார், வைக்கும்போது அது பக்கத்துத் தோட்டாவில் இடித்து மெல்ல ஒலித்தது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

"நாளைக்கு நான் சுடலை," என்றார்.

"ஏன், காய்ச்சலா?"

"காய்ச்சல் ஒண்ணுமில்ல. நீ சுடு. நான் பக்கத்துல உக்காந்து கண்ணாடியில பாக்கேன்."

"நான் எதுக்கு அத்தான்? போட்டி உங்களுக்குல்லா."

"போட்டி கெடக்கட்டும். மருந்த மாத்தியாச்சு, கண்ணாடிய மாத்தியாச்சு, குண்டு, குழலு எல்லாம் மாத்தியாச்சு. மாத்தாதது நான் ஒருத்தன்தான். நீ சுட்டு ஒழுங்கா விழுந்திச்சுன்னா..." டீயைக் குடித்தார். "தெரிஞ்சிக்கிடலாம்லா. எனக்குத் தெரிஞ்சிக்கிடணும் போல இருக்கு, பியூலா. பயமாவும் இருக்கு, தெரிஞ்சிக்கிடணும் போலயும் இருக்கு."

அவர் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது தோட்டா. நாளைக்கு நான் இதைச் சுட்டால் என் கையிலும் பரக்கும். மணல் பை இருந்தாலும், மூச்சை நிறுத்தினாலும், உலகத்திலேயே பெரிய சுடுகாரனைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் பரக்கும். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்து நின்று சிரிப்பார், எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டுவார், ஒனக்கும் அதேதான்ட்டி, குழல்தான் என்பார், வருகிற வழியில் கார் ஓட்டிக்கொண்டே பாடுவார். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று நான் இவருக்கு நாலு மாதம்தான் கொடுக்கப் பார்த்தேன், இப்போது இவரே வந்து ஒரு வருஷத்தைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. இல்லை. இவர் கேட்பது அதை இல்லை, இவர் கேட்பது நேர் எதிரானது, அதைக் கேட்க ஷெட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் டீயைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாரோ, டீயில் ஆடை படிந்திருக்கிறது. தெரிஞ்சிக்கிடணும் போல இருக்கு என்று சொன்னபோது அவர் முகம் எனக்குத் தெரிந்த முகம், குண்டு எங்கே போனது என்று அன்றைக்கு என்னோடு சேர்ந்து வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம். அந்த முகத்துக்கு நான் பொய்யான அட்டையைக் கொடுக்கவா. ஆசையாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு யார் யார் வாயைத் திறந்துகொண்டு படுப்பார்கள் என்று நினைத்தேன்.

"அத்தான், இந்தத் தோட்டா ஆகாது."

"ஏன்?"

"இதுல கனமான குண்டு போட்டிருக்கேன். இருவதுலயும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், திறந்திருந்தது.

"மாறிப் போட்டுட்டியா?"

"மாறிப் போடலை. தெரிஞ்சேதான் போட்டேன். பரக்கணும்னு போட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில் அது பழக்கம்தான். தகரக் கூரை வெயிலில் விரிந்து டக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. அத்தான் கப்பைக் கீழே வைத்துவிட்டு வலது கையை எடுத்து இடது கையால் மூடிக்கொண்டார்.

"அப்பம் ஒனக்குத் தெரியும்."

"வியாழக்கிழமை ரைஃபிள எடுத்துட்டுப் போயி நான் சுட்டுப் பாத்தேன் அத்தான். துணி மடிக்கலை."

அவர் முக்காலியோடு என் பக்கம் நகர்ந்து, ரகசியம் கேட்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "எப்படி விழுந்திச்சு?" என்றார்.

"அஞ்சும் ஒரே ஓட்டை."

"ஒரே ஓட்டையா? காத்து இருந்திச்சா?"

"இருந்திச்சு. கொஞ்சம் மேக்க இருந்து."

"அப்பம் பதினாலு சரிதான்," என்றார் அத்தான். "நான் பாத்து எடுத்த குழல் நல்ல குழல்தான்ட்டி." அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் வேறு எதுவுமே இல்லாத சந்தோஷம். அது மெல்ல இறங்கிப் போனதையும் நான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு நேரம் வாங்குதேன் அத்தான், சிட்னிக்கே போவோம், நானும் வாரேன் என்றேன். தலையாட்டினார். திங்கட்கிழமை கிளினிக்கைச் சாத்திவிடலாம் என்று அவராகவே சொன்னார், வருகிறவர்களுக்கு நாளைக்கே போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்றார், யார் யாரென்று பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தேன். செய்த தோட்டாவைக் கலைக்கிறதற்கென்றே உள்ளது அது, தலைக்குள் தோட்டாவைத் திருகிவைத்து மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் அதிர்ச்சியில் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழுந்துவிடும். முதல் தோட்டாவை வைத்து மூடியைத் திருகினேன். அடிக்க ஓங்கும்போது அத்தான் எழுந்து வந்து கையை நீட்டினார், மூடிவைத்திருந்த அந்த வலது கையை.

"இங்க தா. இதுக்குக் கை நடுங்கினா ஒண்ணுமில்ல."

எங்கள் வீட்டில் நடுக்கம் என்ற வார்த்தையை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். நான் சுத்தியலைக் கொடுத்துவிட்டு மரக்கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.